அந்தத் ‘தான்’ வேண்டாம், தம்பி

“உங்கள் பலவீனம் என்ன?”

நேர்காணலுக்குப் போய்வந்த நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறியதாகச் சொல்லும் கேள்வி இது. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஸ்டோர் கீப்பர் வேலை, இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் கம்ப்யூட்டர் வேலை, வங்கி அதிகாரி வேலை என்று எதற்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. கணக்கு கேட்டால் போட்டுவிடுவார்கள். பொது அறிவு கேட்டால் சொல்லிவிடுவார்கள். தன் குறையைத் தன் வாயாலேயே சொல்லச் சொன்னால் என்ன செய்வது?

மேலூர்ப் பக்கம் ஒரு மாலைநேரப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி நேர்காணல் நடத்துகிறோம். ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. நானும் இரண்டு ஆசிரியர்களும் ஒரு பக்கம் உட்காருவோம். எதிரே பட்டம் முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், கல்லூரியில் கடைசி ஆண்டு படிப்பவர்கள். பலவீனம் பற்றிய கேள்விக்கு அங்கே வரும் பதில்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“தமிழ் மீடியம்தான் சார்.”

“கவர்மென்ட் ஸ்கூல்தான் சார். இங்கிலீஷ் அவ்வளவா வராது.”

“அப்பா கூலி வேலைதான். வீட்ல யாரும் படிக்கல.”

“எங்க ஊருக்கு பஸ் ரெண்டுதான் சார். கிராமம்தான்.”

வேலை செய்வதில் உனக்குள்ள குறை என்ன என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் சொல்வதோ பிறந்த இடத்தையும், அப்பாவின் தொழிலையும், அரசு நடத்தும் பள்ளியையும். பஸ் வராதது போக்குவரத்துக் கழகத்தின் பலவீனம். அதை இந்தப் பிள்ளை தன் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து மேசைமேல் இறக்கி வைக்கிறது.

இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘தான்’. இலக்கணத்தில் இதைத் தேற்றப் பொருள் என்போம். உறுதிப்படுத்தும் சொல். “நான் மதுரைக்காரன்தான்” என்று ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னால் அது பெருமை. “தமிழ் மீடியம்தான்” என்று தலையைக் குனிந்து சொன்னால் அதே சொல் மன்னிப்புக் கேட்கிறது. “நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு நான் இல்லை, பெரிய மனது செய்யுங்கள்” என்ற பொருள் அந்த ஒற்றைச் சொல்லில் வந்துவிடுகிறது. எங்கள் மாதிரி நேர்காணலில் முதல் பயிற்சியே அந்தத் ‘தான்’ஐ எடுப்பதுதான். “அப்பா என்ன செய்கிறார்?” “விவசாயக் கூலி.” முற்றுப்புள்ளி. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. இதைச் சொல்லப் பழக ஒரு தம்பிக்கு மூன்று ஞாயிறு ஆனது.

தமிழ்வழிக் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பட்டப் படிப்பை மட்டும் தமிழில் முடித்தவர்கள் அதில் நுழைந்துவிடுவதால், பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் திருத்தினார்கள். அரசு சட்டம் போட்டு ஒரு தகுதியாக எழுதி வைத்திருப்பதை நம் பிள்ளை பலவீனப் பட்டியலில் முதலில் எழுதுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதும் அப்படியே. வீட்டில் மின்விளக்கில்லாமல் தெருவிளக்கில் படித்த தாத்தா கதையைப் பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. நம் வீட்டில் அந்தக் கதை இப்போதுதான் நடக்கிறது. நடக்கும்போது அது வெட்கமாகத் தெரிகிறது.

ஏன் இப்படிப் பதில் வருகிறது என்றால், இவர்களிடம் இதுவரை கேட்கப்பட்ட கேள்விகள் அப்படி. பள்ளியில் சேர்க்கும்போது, உதவித்தொகைப் படிவம் கொடுக்கும்போது, விடுதி வருகைப்பதிவில் என்று ஒவ்வோர் இடத்திலும் “நீ யார்” என்ற கேள்விக்குச் சாதிச் சான்றிதழைக் காட்டித்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் உரிமைக்கான தாள். ஆனால் அதை வாங்கிப் பார்ப்பவரின் முகம் வேறு ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

அவர்களின் பயம் வெறும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்த ஓர் ஆய்வு 2007-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் வெளிவந்தது. தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒத்தவை, பெயர்தான் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்துக்கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் இதேபோன்ற சோதனை நடந்து 2004-இல் வெளியானது. அங்கே கறுப்பினப் பெயர்களைவிட வெள்ளையர் பெயர்களுக்கு 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது.

தமிழ்நாட்டில் பெயரை வைத்து அவ்வளவு எளிதில் கண்டுபிடிக்க முடியாது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அதன் பலன் இன்றைக்கும் நமக்கு இருக்கிறது. நம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவே. அதனால் இங்கே வழி வேறு. “எந்த ஊர்?” என்று தொடங்கும். “மேலூருக்கு எந்தப் பக்கம்?” “ஊருக்குள்ளயா, தள்ளியா?” “குலசாமி எது?” மேலவளவு, பாப்பாபட்டி, கீரிப்பட்டி, உத்தப்புரம் என்று செய்தித்தாளில் பெயர் அடிபட்ட ஊர்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். “அங்க நீங்க எந்த ஆளுக?” என்பது வாயில் வராவிட்டாலும் கண்ணில் வந்துவிடும். வடக்கே குடும்பப் பெயர் செய்யும் வேலையை இங்கே முகவரி செய்கிறது. பயோடேட்டாவில் ‘காலனி’ என்று இருந்தால் மேற்கொண்டு கேட்கவே வேண்டாம். ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தோரட் ஆய்வு வந்த அதே 2007-இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தலைநகர் வட்டாரத்தில் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதினார்கள். எங்களுக்குத் திறமை ஒன்றே அளவுகோல் என்றார்கள் மேலாளர்கள். அடுத்த மூச்சில், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றார்கள். அப்பா என்ன படித்தார், அண்ணன் தங்கை என்ன செய்கிறார்கள், ஊரா நகரமா என்பதெல்லாம் திறமைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களிடம் அஸ்வினி தேஷ்பாண்டேவும் நியூமனும் நடத்திய ஆய்வில் இதன் மறுபக்கம் தெரிந்தது. குடும்பத்தைப் பற்றிய அந்தக் கேள்வியை மற்ற மாணவர்கள் இயல்பான பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். தலித் மாணவர்கள் கூசிப்போனார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி உன் கருத்து என்ன என்ற கேள்வியும் அவர்களுக்கு வந்தது.

திருக்குறளில் 51-ஆவது அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. ஒருவரைப் பணியில் அமர்த்தும்முன் எப்படி ஆராய வேண்டும் என்பதைச் சொல்வது. இன்றைய பேச்சில் எச்.ஆர். அதிகாரம் என்றே சொல்லலாம். அதன் இரண்டாவது குறள் நல்ல குடியில் பிறந்தவரா என்று பார்க்கச் சொல்கிறது. ‘ஃபேமிலி பேக்ரவுண்ட்’ அன்றைக்கே இருந்திருக்கிறது. அதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்து வரும் மூன்று குறள்களைப் பாருங்கள். அரிய நூல்களைக் கற்றவரிடமும் தேடிப் பார்த்தால் ஏதாவது அறியாமை இருக்கும் என்கிறது ஒன்று. நல்லதையும் கெட்டதையும் எடைபோட்டு எது மிகுதியோ அதைக் கொண்டு முடிவு செய் என்கிறது இன்னொன்று. ஒருவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்பதற்கு அவர் செய்யும் வேலையே உரைகல் என்கிறது மூன்றாவது. பலவீனத்தைக் கேட்கும் கேள்விக்கு நியாயமான இடம் இந்த மூன்றிலும் இருக்கிறது. குறை எல்லாருக்கும் உண்டு. வேலையில் அது எவ்வளவு இடிக்கும் என்பதே கணக்கு.

இதை நீதிமன்றங்களும் பார்த்திருக்கின்றன. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான பெரியகருப்பன் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது நேர்காணலுக்கு 75 மதிப்பெண். ஒரு மாணவரிடம் பேசியது மூன்று நிமிடம்கூட இருக்காது. மூன்று நிமிடத்தில் ஒருவரின் திறமையை அளப்பது அரிது, 75 மதிப்பெண் மிக அதிகம் என்றது நீதிமன்றம். பத்தாண்டு கழித்து அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் இரண்டு மூன்று நிமிட நேர்காணலில் பெற்றோர் யார், வீடு எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது.

அதன்பின் அரசுப் பணிகளில் இந்த அறை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வருகிறது. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் கிடையாது. தமிழ்நாட்டில் குரூப் 2 தேர்வில் 2024 முதல் இல்லை. குரூப் 1-இல் 850 மதிப்பெண்ணில் 100, யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் 2,025-இல் 275 நேர்காணலுக்கு இருக்கிறது. வங்கி அதிகாரித் தேர்வில் எழுத்துக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதம். தனியாரில்தான் இந்த அறை அப்படியே முழுதாக நிற்கிறது. ஒதுக்கீடும் இல்லை, மதிப்பெண் பட்டியலும் இல்லை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடவும் வழியில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போய் நிற்பதும் அங்கேதான். ஆகவே அங்கே என்ன சொல்வது என்பதைப் பேசியாக வேண்டும்.

முதலில், இணையத்தில் கிடைக்கும் தயார் பதில்களை விட்டுவிடுங்கள். “நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் பலவீனம்” என்பதைக் காலையிலிருந்து இருபது பேர் சொல்லிக் கேட்டிருப்பார் எதிரே இருப்பவர். “எனக்குப் பலவீனமே இல்லை” என்பதும் எடுபடாது. “எனக்குச் சட்டென்று கோபம் வரும்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அவர் கோபக்காரரே இல்லை. பலவீனம் என்றால் அப்படி ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

சொல்ல வேண்டியது உண்மையான குறையாக இருக்க வேண்டும். வேலை செய்யும் விதத்தில் உள்ள குறையாக இருக்க வேண்டும். அந்த வேலைக்கே உயிரான ஒன்றாக இருக்கக் கூடாது. கணக்கர் வேலைக்குப் போய் எண்கள் தடுமாறும் என்று சொல்ல முடியாது. குறையைச் சொன்ன கையோடு, அதைச் சரிசெய்ய இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தம் நான்கு வாக்கியம், ஒரு நிமிடத்துக்குள்.

எங்கள் படிப்பகத்தில் ஒரு தங்கை நாலைந்து வாரம் யோசித்துக் கண்டுபிடித்த பதில் இது: “தெரியாததை மற்றவரிடம் கேட்கத் தயங்குவேன். கல்லூரி புராஜெக்ட்டில் இதனால் இரண்டு நாள் வீணானது. இப்போது அரை மணி நேரம் நானே முயன்று பார்ப்பேன். வரவில்லை என்றால் எழுந்துபோய்க் கேட்டுவிடுவேன். முன்பைவிட இது குறைந்திருக்கிறது.” இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. கேட்கத் தயங்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வகுப்பில் கை தூக்கியபோது “உனக்கெல்லாம் இது எதுக்கு” என்று ஒருமுறை கேட்டவர்களுக்கு அடுத்த கை எளிதில் எழாது. அந்தக் கதையை எச்.ஆர். மேசையில் சொல்ல வேண்டியதில்லை. அது அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. பழக்கத்தைச் சொன்னோம், மாற்றிக்கொண்டதைச் சொன்னோம், போதும்.

ஆங்கிலம் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதற்கும் இதே வழிதான். “இங்கிலீஷ் வராது சார்” என்று மொத்தமாகக் கைவிரிக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்குப் படித்தால் புரியும், மெயில் எழுத வரும், பேச்சில்தான் வேகம் குறைவு. அதை அப்படியே பிரித்துச் சொல்லுங்கள். தினமும் அரை மணி நேரம் என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்வதற்காகவாவது அந்தப் பயிற்சியைச் செய்துவிட்டுப் போங்கள். நடுவில் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டால், “இதைத் தமிழில் சொல்லட்டுமா” என்று கேட்கலாம். யு.பி.எஸ்.சி. நேர்காணலையே தமிழில் சந்திக்க இடம் இருக்கிறது. ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசர் வேலைக்குக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

“ரிசர்வேஷன்ல படிச்சீங்களா?” என்று கேட்டால்? ஒரு தம்பி இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. “ஆமாம். சீட் அதில் கிடைத்தது. பரீட்சை நான்தான் எழுதினேன்.” இந்த இடத்தில் ‘தான்’ வரலாம்.

ஊரையும் தெருவையும் தோண்டும் கேள்விகளுக்கு ஒருமுறை நேராகப் பதில் சொல்லுங்கள். மறுபடி தோண்டினால், “இந்த வேலைக்கு அது தேவையா சார்?” என்று பணிவாகக் கேட்கலாம். எல்லாராலும் அப்படிக் கேட்டுவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். வீட்டில் மகளிர் குழுக் கடன் தவணை நிற்கும்போது, தங்கச்சி கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்போது, சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே ஒரு நோட்டில் தேதி, நிறுவனம், யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுதி வையுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மூடிய அறைக்குள் நடந்தது பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்ததா என்ற சட்டச் சிக்கலும் கூடவே வரும். எழுதி வைத்த குறிப்பு இருந்தால் வழக்கறிஞரிடம் பேசவாவது ஒரு தொடக்கம் கிடைக்கும்.

பயிற்சிக்கு இடம் இல்லாமல் இல்லை. அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் தொடங்கியது. தாட்கோ மூலம் திறன் பயிற்சிகள் நடக்கின்றன. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் இந்தப் பயிற்சிகளில் பலவும் பிள்ளைகளின் சட்டைப் பொத்தான், கைகுலுக்கல், சிரிப்பு ஆகியவற்றைத் திருத்துவதோடு நின்றுவிடுகின்றன. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் யாராவது வகுப்பு எடுக்க வேண்டும். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண் எழுதுவது, அப்பாவின் தொழிலைக் கேட்காமல் இருப்பது: இந்த மூன்றையும் செய்ய ஒரு நிறுவனத்துக்குப் பைசா செலவில்லை. வளாகத் தேர்வுக்கு நிறுவனங்களை அழைக்கும் நம் மாவட்டக் கல்லூரிகள் இவற்றை நிபந்தனையாகவே வைக்கலாம். இதுவரை அப்படி ஒரு கல்லூரியும் கேட்டதாக என் காதுக்கு எட்டவில்லை.

கடைசியாக ஒன்று. நேர்காணல் முடியும்போது, “நீங்கள் எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். “ஒன்றுமில்லை சார்” என்று எழுந்து வந்துவிடாதீர்கள். பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அப்போது சம்பளம் எவ்வளவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, இரவு ஷிப்ட் முடிந்தால் கம்பெனி வண்டி எதுவரை வரும், பெண்களுக்குத் தங்குமிடம் இருக்கிறதா, அசல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இதில் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.